சிலந்திக்குக் கட்டிய வீடு

கிட்ட வாருங்கள், என் செல்வங்களே. இன்னும் கொஞ்சம் கிட்ட. காலை நீட்டி வசதியாக இருக்கலாம், ஆனால் நிலத்தைத் தட்டாமல் இருங்கள். ஏன் என்பது போகப்போகத் தெரியும். உரும்பிராயில் ஒரு சிலந்திக்கு வீடு கட்டிக் கொடுத்தவளின் கதையைச் சொல்லப்போகிறேன். பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிடித்த கையின் விரல்களை மட்டும் எண்ண வேண்டாம்.

ஞானாம்பிகைக்கு முதலில் உறுத்தியது ஒரு சின்ன விஷயம்தான். பொழுது படுகிற நேரத்தில் அறை மேசைக்குக் கீழே இருந்த பிஸ்கற் தகர ரின்னுக்குள்ளிருந்து சுரண்டுகிற சத்தம் வரும். காய்ந்த வாழைச் சருகை யாரோ நகத்தால் மெல்ல மெல்லக் கீறுவதுபோல, அவசரமில்லாமல், விட்டுவிட்டு, ரின்னின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நகர்ந்துகொண்டிருக்கும். அவள் அறைக்குள் காலை வைத்தால் நின்றுவிடும். அதில் புதுமை இல்லை. காலடி கேட்டால் எந்தச் சீவனும் அடங்கத்தானே செய்யும். ஆனால் அன்று அவள் குசினியில், இரண்டு சுவர் தள்ளி, கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எழும்புவோம் என்று நினைத்துக் கையை நிலத்தில் ஊன்றினாள். சத்தம் நின்றது. கையை எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் சுரண்டல் மறுபடி தொடங்கியது. இந்த முறை ஒரேயொரு விரலை மட்டும் நிலத்தில் வைத்தாள்.

நின்றது.

ரின்னுக்குள் இருந்த சிலந்தி அவளுடைய கணவன் சோமசேகரத்தினுடையது. அவர் பக்கத்து ஊரான திருநெல்வேலியில் பல்கலைக்கழக வளாகத்தில் விலங்கியல் ஆய்வுகூட உதவியாளர்; இருபத்திரண்டு வருடமாகப் பல்லியையும் பாம்பையும் போத்தலில் இட்டு மருந்து ஊற்றி மூடி வைத்த மனிதர். எவ்வளவு குளித்தாலும் அவர் கையில் அந்தப் போமலின் மருந்து மணம் போகாது. சின்ன வயதில் புகையிலை வெட்டும் கத்தியில் இடது கைச் சின்னவிரலின் பாதி போயிருந்தது. இப்போது கண்களிலும் படலம் வளரத் தொடங்கியிருந்தது.

அது தொண்ணூற்றிமூன்றாம் ஆண்டு, சண்டைக் காலம். வளவின் பின்புறம் வாழைகளுக்கு நடுவே இருந்த பங்கரை இன்னும் ஒரு முழம் ஆழமாக்கும்போதுதான் சோமசேகரம் அதைக் கண்டார். அந்த நாளில் பங்கர் இல்லாத வளவு ஊரில் இல்லை. பனங்குத்தி அடுக்கி மேலே மண்மூட்டை போட்ட அந்தக் குழிக்குள், குண்டு போடும் விமானத்தின் இரைச்சல் கேட்டதும் எல்லோரும் இறங்கிவிடுவார்கள். மண்வெட்டி செம்மண்ணைத் தாண்டிச் சுண்ணாம்புக்கல்லில் தட்டின இடத்தில் ஒரு பொந்து இருந்தது, வாயெல்லாம் வெள்ளை நூலால் மெழுகினதுபோல. அதற்குள்ளிருந்து உள்ளங்கை அகலத்தில், கறுப்பும் மண்நிறமுமாய், உடம்பு முழுக்க மயிரோடு அது வெளியே வந்தது. மண்வெட்டி அதன் கால் ஒன்றை எடுத்திருந்தது. மிச்சம் ஏழு காலோடு நிமிர்ந்து நின்றதாம்.

"அதின்ரை வீட்டை நாங்கள் வெட்டிப்போட்டம், ஞானம்," என்றார் அவர். "அதுக்கு ஒரு வீடு குடுக்கவேணும்."

பொந்து எவ்வளவு ஆழம் என்று பார்க்கக் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினார். கிணற்றுக் கயிறு முழுவதும் போனது. மேலே வந்த கல் நனைந்திருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தார், உப்பு. இந்த மண்ணில் கல்லுக்குக் கீழே இருக்கிற தண்ணீரெல்லாம் ஒன்றோடொன்று தொடுப்பு, கடலோடும் தொடுப்பு என்று அவளுக்கு விளங்கப்படுத்தினார். பிறகு ஒரு தட்டைக் கல்லால் பொந்தின் வாயை அடைத்துவிட்டார்.

கண்ணுக்கு வைத்தியம் பார்க்க அவர் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. வேறு பாதை இல்லாத காலம். கிளாலிக்குப் போய், கடல்நீரேரியைப் படகில் கடக்க வேண்டும். புறப்படுமுன் ஒரு பழைய கொப்பியில், மங்கின கண்ணோடு பெரிய பெரிய எழுத்தில், சிலந்திக்கு எப்படி வீடு கட்டுவது என்று ஏழு பக்கம் எழுதி அவள் கையில் கொடுத்தார். தான் வரப் பிந்தினால் அவளே கட்டட்டும் என்றார். ரின்னுக்குள் அது கனநாள் தாங்காது.

"நான் வருமட்டும் அதைச் சாகவிடாதையும்," என்று வாசல் படலையடியில் நின்று சொன்னதுதான் கடைசிச் சொல்.

இரண்டு கிழமையில், பதினாலாம் நாள் திரும்பும்போது, அவர் வந்த படகில் துப்பாக்கிச் சூடு விழுந்தது. சில உடல்கள் கரைக்கு வந்தன. அவருடைய பை வந்தது; உள்ளே கண்ணுக்கு விடுகிற மருந்துப் போத்தல்கூட உடையாமல் இருந்தது. அவர் வரவில்லை.

பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவர் இல்லாவிட்டால் அந்த வீட்டில் அவளைக் கூப்பிட ஒரு குரலும் இல்லை. ஞானாம்பிகை ஒருவருக்கும் சொல்லாமல் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள்: இந்தச் சிலந்தி உயிரோடு இருக்கும்வரை அவரும் எங்கேயோ உயிரோடு இருக்கிறார். அதோடு இன்னொன்றும் செய்தாள். கொப்பியை ஒரே மூச்சில் வாசிக்கவில்லை. ஒரு வேலை முடிந்த பிறகே அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். ஒவ்வொரு பக்கமும் அவர் வந்து பக்கத்தில் நின்று கதைப்பதுபோல இருந்தது. ஏழாம் பக்கத்தை வாசிப்பதேயில்லை என்று தீர்மானித்தாள். அதையும் வாசித்துவிட்டால் அவர் சொல்ல வேறொன்றும் மிச்சமில்லையே.

முதல் பக்கம் அளவைச் சொன்னது. "நீளம் மூன்று சாண், அகலம் இரண்டு சாண். உயரம் வேண்டாம். இது மரத்தில் ஏறுகிற சாதி இல்லை, மண்ணில் இருக்கிற சாதி. ஏறி விழுந்தால் வயிறு வெடித்துவிடும். மண்ணுக்கும் மூடிக்கும் இடையில் ஒரு சாணுக்கு மேல் விடாதையும்."

கடைகளில் கண்ணாடி என்ற சாமானே இல்லை. முன்னறை யன்னலில் குண்டு அதிர்வுக்குத் தப்பிக் கிடந்த கண்ணாடிகளை அவளே கழற்றினாள். பக்கத்து ஒழுங்கையில் இருக்கிற தச்சர் தம்பிஐயா அவற்றை அளவுக்கு வெட்டி, தேயிலைப் பெட்டிப் பலகையில் சட்டம் அடித்து, அதில் பள்ளம் தவாளித்து இறக்கி, இடையில் இருந்த நீக்கலுக்கு மெழுகுதிரித் துண்டை உருக்கி விட்டார்.

"எத்தினையோ வீட்டுக்கு நிலை வைச்சிட்டன், தங்கச்சி," என்றார் அவர். "நாள் பாக்காமல் கட்டின வீடு இதுதான். பால் காய்ச்சிற அண்டைக்கு என்னையும் கூப்பிடும்."

சோமசேகரத்தின் அக்கா பூரணம் அடுத்த வளவில் தனியே இருந்தவள். நாக்கு நீளம், மனசு பச்சை. அவள் கிணற்றடியில் குடத்தைக் கழுவியபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி அள்ளிற குடம் ஓட்டை. ஈயம் வைக்க ஆளில்லை எண்டு வீடு முழுக்கச் சொட்டிக்கொண்டு திரியிறாய். பூச்சிக்கு மட்டும் கண்ணாடி மாளிகை."

"அது அவரின்ரை பூச்சி, மச்சாள்."

"அவனுக்கு ஒரு பிடி சோறு படைப்பம் எண்டு மூண்டு தரம் கேட்டிட்டன். நீ பூச்சிக்குக் கரப்பான் பிடிக்கிறாய்."

ஞானாம்பிகை, இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தபடி, மூடித் தகரத்தில் ஆணியால் துளை போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளிருந்து வெளியே அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கூர் உள்ளே நின்று அதன் கால்களைக் கிழிக்கும்.

மூன்றாம் பக்கம் மண்ணைப் பற்றியது. புகையிலைத் தோட்டத்து மண் கூடாது, மருந்து அடித்த மண். பங்கருக்குள் பொந்து இருந்த இடத்து மண்ணையே எடுக்க வேண்டும். அரித்து, கல் பொறுக்கி, பிடித்தால் பிடிபடுகிற ஈரத்தில், ஒரு சாண் ஆழத்துக்கு அமத்த வேண்டும்.

பின்னேர வெயிலில் வாளியும் கத்தியுமாகப் பங்கருக்குள் இறங்கினாள். ஐந்து படி. மூன்றாம் படியில் வெயில் முடிந்து, நாலாம் படியில் ஈரச்சாக்கின் புளித்த மணம் தொடங்கி, அடியில் நிலம் காலைக் குளிர்ந்து பிடித்தது. கண் பழக நேரம் எடுத்தது. பழகியதும் கண்டாள்: பொந்தை அடைத்திருந்த தட்டைக் கல் அங்கே இல்லை. விழுந்தும் கிடக்கவில்லை. யாரோ சோலி முடிந்து வந்து திரும்ப மூடப்போகிறவர்போல, பக்கத்துச் சுவரில் பவுத்திரமாகச் சாத்தி வைத்திருந்தது. பொந்தின் வாயில் வெள்ளை நூல் புதிதாக மினுங்கியது. சிலந்தி ஆறு கிழமையாகத் தகர ரின்னுக்குள் இருக்கிறது. இது யார் கட்டின நூல்?

குனிந்து மண்ணைச் சுரண்டினாள். பொந்துக்குள்ளிருந்து ஒரு காற்று, மூச்சின் சூட்டோடு, அவள் மணிக்கட்டைத் தொட்டு நின்று மறுபடி தொட்டது. உப்பு மணம். அதற்கடியில், மெல்லியதாய், போமலின்.

அவர் தோண்டின இடம்தானே, அவர் கை மணம் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கல்லை எடுத்துத் திரும்ப அடைத்தாள். அவசரத்தில் வாளி மண் பாதி சிந்தியது.

வீடு முடிந்தது. ஒரு மூலையில் அரைச் சிரட்டையைக் கவிழ்த்து மண்ணில் பாதி புதைத்து, வாசல் வெட்டி, உள்ளே விரலால் ஒரு பொந்து தொடக்கிவிட்டாள். "மிச்சத்தை அது தோண்டும்" என்று நாலாம் பக்கம் சொன்னது. தண்ணீருக்கு ஒரு போத்தல் மூடி. எதிர் மூலையில் மட்டும் தினமும் கொஞ்சம் ஈரம். மற்ற இடம் காய்ந்திருக்க வேண்டும். மூடிக்கு மேல் பாரத்துக்கு அம்மிக் குழவி. சிலந்தியை ரின்னோடு சாய்த்தபோது அது விழவில்லை. ஒரு காலை வைத்து, மண்ணைத் தடவிப் பார்த்து, அடுத்த காலை வைத்து, புது வீடு பார்க்க வந்த சம்பந்தி போல நிதானமாக இறங்கியது.

ஐந்தாம் பக்கத்தை அவள் பலமுறை வாசித்தாள். "கிழமைக்கு ஒரு கரப்பான் போதும். கையில் எடுக்காதையும். அதற்குக் கண் எட்டு, ஆனாலும் என்னைப்போலத்தான், பார்வை போதாது. நிலம் அதிர்வதைக் காலால் கேட்கும். அசையாமல் நிற்கிற எதையும் அது காணாது."

ஆறாம் பக்கத்தில் இரண்டே வரி. "சிலவேளை கிழமைக் கணக்கில் தின்னாமல் இருக்கும். அப்படி இருந்தால் உடனே அடுத்த பக்கத்தை வாசியும்."

இரண்டு மாதம் நல்லபடி போனது. அவள் அதனோடு கதைக்கத் தொடங்கினாள். சந்தையில் மண்ணெண்ணெய் கிடைக்காததை, பூரணம் மச்சாளின் வாயை, எல்லாவற்றையும். அவள் அழுதால் அது சிரட்டைக்கு வெளியே வந்து கண்ணாடியில் இரண்டு முன்கால்களையும் பதித்து நிற்கும். அவள் தேறிக்கொண்டாள். ஆனால் பங்கரின் வாயில், முழங்காலுக்குக் கீழே, ஒவ்வொரு விடியலிலும் ஒரு வெள்ளை நூல் குறுக்கே இழுத்திருந்தது. அறுத்தாள். மறுநாளும் இருந்தது. மழையே இல்லாத ஆனி மாதத்தில் பங்கரின் ஒரு மூலை மட்டும் ஈரமாகக் கிடந்தது. ஒருநாள் விமானம் வந்து இரண்டு பெண்களும் உள்ளே ஓடியபோது, பூரணம் சுவரோரம் இருந்த இடத்திலிருந்து மெல்ல எழும்பினாள்.

"ஞானம், இதிலை எங்களுக்கு முதல் ஆரும் இருந்தவையோ? நிலம் சூடாய்க் கிடக்கு."

பிறகு சிலந்தி தின்பதை விட்டது. ஒரு கிழமை. மூன்று கிழமை. கரப்பான் அதன் காலுக்கு மேலாலேயே ஏறிப் போனது. அதன் நிறம் மங்கி, வயிறு ஈயம் போலக் கறுத்துப் பளபளத்தது. அவள் கொப்பியை எடுத்து, ஏழாம் பக்கத்தின் விளிம்பில் விரலை வைத்து, திரும்ப மூடினாள். இன்னும் ஒருநாள் பொறுப்போம். இன்னும் ஒரேயொரு நாள்.

ஆடி பிறந்து நாலாம் நாள் விடிய, சிலந்தி மல்லாந்து கிடந்தது. ஏழு காலும் மேலே, கொஞ்சம் மடங்கி. வெள்ளை நூலில் ஒரு பாய் விரித்து அதன்மேல் கிடந்தது. மூடியைத் திறந்தாள். ஊதினாள். அசைவில்லை.

அவளுக்குள் கணக்கு முடிந்தது. சத்தம் போட்டு அழவில்லை. படலையடி நாளிலிருந்து நெஞ்சில் பிடித்து வைத்திருந்த ஏதோ ஒன்று கைவிட்டுப் போனது, அவ்வளவுதான். அவருடைய பழைய கைலேஞ்சித் துணியில் சிலந்தியைச் சுற்றி, பங்கருக்குள் கொண்டுபோய், அது வந்த பொந்தின் வாயிலேயே மண் தள்ளிப் புதைத்து, கல்லால் அடைத்தாள். ஒரு சிரட்டைப் பாலை மேலே தெளித்தாள், சுடலையில் சாம்பல் மேல் தெளிப்பதுபோல. பிறகு பூரணத்திடம் போய், "படைப்பம் மச்சாள்," என்றாள். "தாலி மட்டும் என்ரை கழுத்திலை கிடக்கட்டும்."

அன்று மத்தியானமே படைத்தார்கள். மரக்கறிப் படையல்தான்; அவருக்குப் பிடித்த கணவாய் மீன் கறியைப் படைக்க முடியாது. வெள்ளைச் சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை, வெல்லம் போட்ட பச்சரிசிப் பொங்கல். தலைவாழை இலையில் வைத்து, செம்பில் தண்ணீர் வைத்து, அவர் பெயரைச் சொல்லி, "வந்து சாப்பிடுங்கோ" என்று ஞானாம்பிகை தன் வாயால் கூப்பிட்டாள். பிறகு வழக்கப்படி கதவைச் சாத்திவிட்டு இருவரும் முற்றத்தில் நின்றார்கள். செத்தவர் வந்து பசியாறிப் போகிற நேரம் அது. உள்ளே சத்தமில்லை. காகம்கூட இல்லை.

கதவைத் திறந்தபோது சாப்பாடு வைத்தபடி இருந்தது. வெள்ளைச் சோற்றில் மட்டும் பத்துச் சின்னக் குழிகள். இரண்டு கையின் விரல் நுனிகளையும் மெல்ல ஊன்றிப் பார்த்ததுபோல. பல்லி ஓடியிருக்கும் என்றாள் பூரணம். ஞானாம்பிகை எண்ணினாள். ஒன்பதில்லை. பத்து.

மறுநாள் காலை, இனி எதற்கு மிச்சம் வைப்பது என்று ஏழாம் பக்கத்தைத் திருப்பினாள்.

"மல்லாக்கக் கிடந்தால் செத்துப்போச்சு என்று நினைக்காதையும். தொடாதையும். அது சட்டை கழற்றுகிறது. முதுகால் வெடித்து, பழைய தோலை அப்படியே முழுசாக விட்டுவிட்டு, புது உடம்போடு வெளியே வரும். போன காலும் திரும்ப முளைத்திருக்கும். உடம்பு வெளிறி மெத்தென்று இருக்கும். பல்லு பால் வெள்ளையாக இருக்கும்; பத்து நாளைக்கு அதால் ஒன்றும் தின்ன ஏலாது. இடையில் பல்லுச் சிவக்கும். பல்லுக் கறுத்தால் அதற்குப் பசி வந்துவிட்டது என்று அறியும்."

அதற்குக் கீழே, சின்னதாக: "நானும் புதுக் கண்ணோடு வருவேன்."

அவள் ஓடினாள். படிகளில் சறுக்கி, இரு கையாலும் மண்ணைப் பறித்தாள். கைலேஞ்சி வந்தது. உள்ளே ஏழு காலோடு ஒரு சிலந்தி, பாரமே இல்லாமல், ஊதினால் பறக்கிற மாதிரி. முதுகில் ஒரு வெடிப்பு. உள்ளே ஒன்றுமில்லை. பொந்தை அடைத்த கல் மறுபடி சுவரில் சாத்தியிருந்தது. பயம் வர வேண்டிய இடத்தில் அவளுக்குச் சந்தோஷம் வந்தது, பிள்ளைகளே. அது சாகவில்லை. அப்படியென்றால் அவரும் சாகவில்லை. அந்தப் பொந்துக்கு முன்னால் முழங்காலில் நின்று, வந்துவிடுங்கோ, வந்துவிடுங்கோ என்று சொன்னாள்.

மூன்றாம் நாள் அவர் வந்தார்.

படலை உள்ளே பூட்டியிருந்தது. வாழைகளின் பக்கத்திலிருந்து, இடுப்பில் ஒரு மண்மூட்டைச் சாக்கோடு நடந்து வந்தார். உடம்பு வாழைத்தண்டின் உள்மடல் போல வெளிறி ஈரமாக இருந்தது. பூரணம் கட்டிப் பிடித்துக் குழறினாள், செத்தவன் என்று சோறு படைத்தால் ஆயுசு கூடும் என்று சிரித்தாள், அழுதாள், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க ஓடினாள். எங்கே இருந்தாய் என்று நூறு தரம் கேட்டாள்.

"கீழை இருந்தனான்," என்றார். பிறகு முகத்தைத் திருப்பாமலே, "யன்னலைச் சாத்தும்," என்றார்.

அவருடைய குரல்தான். ஞானாம்பிகை அவர் கையைப் பிடித்தாள். பிடித்த இடம் அமுங்கி, எழும்ப நேரம் எடுத்தது. போமலின் மணம் இல்லை, வெறும் உப்பு. இடது கையில் சின்னவிரல் முழுசாக இருந்தது. கொஞ்சம் மெலிந்து, கொஞ்சம் வெளிறி.

பூரணத்துக்கு அதைக் காட்டினாள். "உயிரோடை வந்தவனின்ரை விரலை எண்ணிக்கொண்டு நிக்கிறாய்," என்று பூரணம் அதட்டினாள். அதிலும் நியாயம் இருந்தது. கேட்டது கிடைத்திருக்கிறது. இவ்வளவு நாளாக வெறும் வீட்டில் ஒரு குரலுக்கு ஏங்கியவள், அந்தக் குரலுக்குச் சொந்தமான உடம்பைப் பார்த்துக் குறை சொல்வதா? யன்னல்களைச் சாத்தினாள். கண்ணாடி இல்லாத யன்னலுக்குச் சாக்குத் தொங்கவிட்டாள். நடுப்பகலிலும் வீடு பங்கர் போல இருண்டது.

அவர் சாப்பிடவில்லை. பாயை வேண்டாம் என்றார். பின்னறையில், செம்புத் தண்ணீரை ஒரு மூலையில் ஊற்றி ஈரமாக்கிவிட்டு, எதிர் மூலையில் இருந்தார். இரண்டு உள்ளங்கையும் நிலத்தில். கண் இரண்டும் தெளிவாக, பெரிதாகத் திறந்திருந்தன. ஆனால் அவள் எதிரே நின்றால் அவை அவளைத் தாண்டிப் பார்த்தன. அவள் ஓரடி எடுத்து வைத்தால் மட்டும் தலை திரும்பியது. குசினியில் அவள் கையை ஊன்றி எழும்பும்போது, இரண்டு சுவர் தள்ளி, அவர் மூச்சு நிற்பது அவளுக்குக் கேட்டது.

முதல் நாள் அவர் வாய் திறந்தபோது பல்லைப் பார்த்தாள். பால் வெள்ளை. ஆறாம் நாள் அது சிவந்திருந்தது. வெற்றிலை போட்டானோ என்று பூரணம் கேட்டாள். அவர் ஒருநாளும் வெற்றிலை போட்டதில்லை.

பத்தாம் நாள், உச்சி வெயில்.

பூரணம் இங்கே வந்து குசினியில் மிளகாய் இடிக்கத் தொடங்கியிருந்தாள். ஞானாம்பிகை கிணற்றடியில் குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துத் திரும்பும்போது அந்த நூலைக் கண்டாள். பின்கதவிலிருந்து வாழைகளுக்குள் போனது. வெள்ளையாய், வெயிலில் மினுங்கிக்கொண்டு. அதைத் தொடர்ந்து நடந்தாள். பங்கரின் வாயில் குடத்தை வைத்தாள். ஐந்து படி.

பொந்து இப்போது ஒரு ஆள் புகுகிற அகலம். அதன் முன்னால், வெள்ளை நூற்பாயில், அவர் மல்லாந்து கிடந்தார்.

படலையடியில் போட்டிருந்த அதே நீலக் கோடு போட்ட சேட்டு, ஒரு பொத்தானும் கழலாமல். இடுப்பில் அதே சாரம். மணிக்கட்டில் மணிக்கூடு. முகம் மெழுகுத்தாள் போல. அதற்குப் பின்னால் இருந்த மண் தெரிந்தது. இடது கை பக்கத்தில் கிடந்தது, கழற்றிப் போட்ட கையுறை போல. சின்னவிரல் பாதி. அவள் தொட்டாள். பாரமே இல்லை. உருண்டு கவிழ்ந்தது. முதுகு நெடுகச் சேட்டும் தோலும் ஒன்றாக வெடித்திருந்தன. உள்ளே ஒன்றுமில்லை. போமலின் மணம் மட்டும்.

அவர் இதுதான். மிச்சம் இவ்வளவுதான்.

மேலே, வீட்டுப் பக்கமிருந்து, நிலத்துக்குள்ளால் கேட்டது. தொம். தொம். தொம். உலக்கை.

பூரணம்.

படியேறினாள். பழக்கம் கையை விடவில்லை; குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். ஓடக்கூடாது. ஓடினால் கேட்கும். கூப்பிட வாயைத் திறந்தாள். தொம். தொம்.

நின்றது.

குசினி வாசல். உள்ளே இருட்டு. மிளகாய்க் காரம். உரலுக்குப் பக்கத்தில் உலக்கை சாய்ந்து கிடந்தது, இன்னும் மெல்ல உருண்டுகொண்டு. பூரணத்தின் ஒற்றைச் செருப்பு. வாசலுக்குக் குறுக்கே, முழங்காலுக்குக் கீழே, ஒரு வெள்ளை நூல்.

அதற்கு அப்பால் அவர் இருந்தார். நிலத்தோடு நிலமாக. பத்து விரலும் விரித்துத் தரையில் ஊன்றியிருந்தன. முகம் அவளுக்கு நேரே. கண் அவளைக் காணவில்லை. வாய் மெல்லத் திறந்தது.

பல்லெல்லாம் கறுப்பு.

அவள் தூக்கின காலைக் கீழே வைக்கவில்லை. மூச்சு விடவில்லை. அசையாமல் நிற்கிற எதையும் அது காணாது. அவர்தான் எழுதினார். அவர் பொய் சொல்லமாட்டார்.

இடுப்பில் குடம். ஓட்டைக் குடம்.

ஒரு துளி விழுந்தது.

பத்து விரலும் ஒரு சாண் முன்னே வந்தன. நின்றன.

குடத்தின் அடியில் அடுத்த துளி திரண்டது, மெல்ல, பெரிதாகி, கனத்து.

இவ்வளவுதான், என் செல்வங்களே. இனி எழும்பலாம், மெதுவாக எழும்புங்கள். உங்கள் வீட்டுக் குடம் ஒழுகாமல் இருக்கட்டும். உங்கள் யன்னல்கள் பகலில் திறந்திருக்கட்டும். உங்கள் வீட்டை விட்டுப் போனவர்கள் எல்லோரும் சுகமாகத் திரும்பி வரட்டும், போனவர்களாகவே வரட்டும்.